லோங்காங் யாருடையது, காசு யாருடையது? தோட்டப்புற நகரங்களில் வடிகாலும் வெள்ளத் தடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கோல சிலாங்கூர் கரையோரத்தில் ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் இந்தக் கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறோம். லோங்காங் என்பது தெரு ஓர வடிகால். பதில்கள் சிலாங்கூரை வைத்து எழுதப்பட்டவை. வேறு மாநிலத்தில் நிலைமை மாறும் சில இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

1. வீட்டுக்கு முன்னால லோங்காங் அடைச்சிக் கிடக்கு. யாருகிட்ட சொல்லணும்?

லோங்காங் எந்த நிலத்தில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். தாமானுக்குள், அதாவது வீடமைப்புப் பகுதிக்குள், இருந்தால் நகராண்மைக் கழகம். கூட்டரசுச் சாலை, மாநிலச் சாலை ஓரமாக இருந்தால் பொதுப்பணி இலாகா, அதாவது ஜே.கே.ஆர். பாரிட் என்கிற பெரிய வாய்க்கால், ஆறு, கடலோர மண் கரை, மதகு எல்லாம் வடிகால் நீர்ப்பாசன இலாகா, அதாவது ஜே.பி.எஸ். தோட்டத்து எல்லைக்குள் இருந்தால் தோட்ட நிர்வாகம்.

சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க எண் பலகையைப் பாருங்கள். வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக சபாக் பெர்ணம் பக்கம் போகும் 5-ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு 'பி', பேராவுக்கு 'ஏ', ஜொகூருக்கு 'ஜே'. எண்ணே இல்லாத தாமான் தெரு பெரும்பாலும் கழகத்தின் பொறுப்பு.

புகார் கொடுக்குமுன் தண்ணீரோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அடைப்பு உங்கள் வாசலில் தெரிந்தாலும் காரணம் 200 மீட்டர் தள்ளி, வேறொரு இலாகாவின் கல்வர்ட்டில், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயில், இருக்கலாம். அப்படி இருந்தால் கழகத்துக்குப் பத்து முறை எழுதினாலும் உங்கள் வாசலை மட்டும் பத்து முறை வாரிவிட்டுப் போவார்கள்.

2. ஏன் இத்தனை இலாகா? ஒருத்தரே பார்த்தா என்ன?

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஆறு, வாய்க்கால், வண்டல் கட்டுப்பாடு எல்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 'வடிகாலும் நீர்ப்பாசனமும்' மட்டும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நிலமும் ஆறும் மாநிலத்துடையவை, பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்குப் பணம் புத்ராஜெயாவிலிருந்து, அதாவது கூட்டரசிடமிருந்து, வருகிறது, தெரு லோங்காங் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின், அதாவது கழகத்தின், தலையில். ஜே.பி.எஸ். 1932-இல் தொடங்கிய பழைய இலாகா. அதற்கு மாவட்ட அலுவலகமும் உண்டு, தலைமையகமும் உண்டு. மாவட்ட அலுவலகம் 'எங்களிடம் பட்ஜெட் இல்லை' என்று சொன்னால் தலைமையகத்திலும் இல்லை என்று பொருளாகாது.

3. வீட்டு வரி கட்டுறோம், நில வரி கட்டுறோம், ஐ.டபுள்யூ.கே. கட்டுறோம். இதுல எது லோங்காங்குக்குப் போகுது?

வீட்டு வரி, அதாவது சுக்காய் பிந்து, மட்டுமே நேரடியாகக் கழகத்துக்குப் போகிறது. குப்பை, தெருவிளக்கு, புல் வெட்டுதல், லோங்காங் வாருதல் எல்லாம் அதிலிருந்துதான். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் ஒரு விழுக்காடாகப் போடுகிறார்கள். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 35 விழுக்காடுவரை அனுமதித்தாலும் குடியிருப்புக்கு நடப்பில் அதைவிட மிகக் குறைவு. ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட் என்றும் விகிதம் 4 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 240 ரிங்கிட்.

நில வரி மாநில அரசுக்குப் போகிறது. 1954-ஆம் ஆண்டின் வடிகால் பணிகள் சட்டப்படி அரசிதழில் அறிவித்த வடிகால் வட்டாரத்துக்குள் உங்கள் நிலம் இருந்தால், நில வரிப் பில்லில் 'பாரிட்' என்று தனியாக ஒரு வரி இருக்கலாம். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். அந்த வரி இருந்தால், அந்தப் பாரிட்டைப் பராமரிக்கச் சொல்லிக் கேட்கும் கடிதத்தோடு பில்லின் நகலை இணையுங்கள். ஐ.டபுள்யூ.கே. கட்டணம் கழிவுநீர்க் குழாய்க்கும் சுத்திகரிப்புக்கும். மழைநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

4. கழகத்துக்கு வேற காசே கிடையாதா?

உண்டு, ஆனால் ஒவ்வொரு காசுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் மானியம் மாரிஸ் என்ற பதிவேட்டைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. சாலையோர லோங்காங்கும் அந்தப் பராமரிப்பில் சேரும். ஆனால் சாலை அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குக் கட்டிய பல வீடமைப்புகளில் சாலை கழகத்திடம் முறையாக ஒப்படைக்கப்படாமல், பதிவிலும் ஏறாமல் கிடக்கிறது. கழகப் பொறியியல் பிரிவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எங்கள் ரோடு மாரிஸில் இருக்கிறதா?'

இது தவிர, 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சி மன்றங்களுக்கு வரும் ஆண்டு மானியம், வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் சிறு திட்ட ஒதுக்கீடு, மாநில அரசின் ஒதுக்கீடு, மக்கள் பிரதிநிதிகளின் ஒதுக்கீடு ஆகியவை உண்டு. கட்டுவதற்கு ஒரு பை, பராமரிப்பதற்கு வேறொரு பை. புதிய லோங்காங் கட்டப் பணம் கிடைப்பது எளிது. திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். மாதம் ஒருமுறை வாருவதற்குப் பணம் கிடைப்பதுதான் கஷ்டம். நம் ஊர்களில் வெள்ளத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

5. லோங்காங்கை வாருறது யாரு? கழக ஆளா, கோண்ட்ராக்டரா?

சிலாங்கூரில் கழகங்களுக்காக மாநில அரசின் நிறுவனம் குப்பை எடுக்கிறது, பொதுத் துப்புரவும் செய்கிறது. ஜொகூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் 2011 செப்டம்பர் முதல் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால் அங்கே கூட்டரசுக் கட்டமைப்பின் கீழ் குத்தகை நிறுவனங்கள் வேலை செய்கின்றன. எங்கே இருந்தாலும் குத்தகையில் ஒரு கால அட்டவணை இருக்கும்: எந்தத் தெரு, எத்தனை நாளுக்கு ஒருமுறை. அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரிய மண்ணைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே விழும். அதையும் புகாரில் எழுதுங்கள்.

6. நாங்க இன்னும் தோட்டத்து லயத்துலதான் இருக்கோம். எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வர்றதில்ல?

தோட்டம் தனியார் நிலம். பொதுப் பணத்தை அதற்குள் செலவழிக்க அதிகாரிகள் தயங்குவார்கள்; தணிக்கையில் கேள்வி வரும். வேலை செய்பவர் குடும்பம் என்றால் 446-ஆம் சட்டம், அதாவது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், வீட்டைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பை முதலாளிமேல் போடுகிறது. புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. நிர்வாகத்துக்கு முதலில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்ட பிறகு இலாகாவுக்குப் போங்கள். வாயால் துரையிடம் சொன்னது எங்கும் பதிவாகாது.

ஓய்வு பெற்றவர், வேலையில் இல்லாதவர் குடியிருக்கும் வீடுகளுக்கு இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பது கடினம். அங்கே கைகொடுக்கக்கூடியது எல்லைப் புள்ளி: தோட்டத்துத் தண்ணீர் பொதுப் பாரிட்டில் விழும் இடம். அந்த இடத்துக்கு வெளியே ஜே.பி.எஸ். வேலை செய்ய முடியும், வெளியே மட்டம் இறங்கினால் உள்ளேயும் இறங்கும்.

7. தோட்டத்துல மரத்தைச் சாய்ச்சு மறுநடவு பண்றாங்க. சிவப்பு மண்ணு முழுசும் எங்க லோங்காங்ல.

செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி நடுவார்கள். மூடுசெடி படரும்வரை மண் திறந்து கிடக்கும். அந்தக் காலத்தில் எல்லையில் வண்டல் குழி வெட்டி, அது நிறைந்தவுடன் வாரவேண்டும். குழி வெட்டுவார்கள், வாரமாட்டார்கள். நிறைந்த குழி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று மண்ணைத் தள்ளுகிறார்கள் என்றால் விஷயம் வேறு. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவுப்படி மண் வேலைக்குக் கழகத்தின் முன் அனுமதி வேண்டும். அதோடு மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டமும் இருக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே, தண்ணீர் எந்த இடத்தில் எல்லையைத் தாண்டுகிறது என்று காணொளி எடுங்கள். மறுநாள் எடுத்த படத்தில் காய்ந்த மண் மட்டும்தான் தெரியும். அது எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்பார்கள்.

8. ஒரு மணி நேர மழைதான். அதுக்கே வீட்டுக்குள்ள தண்ணி. லோங்காங் சின்னதா, அடைச்சிருக்கா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 மில்லிமீட்டர் மழை 1 ஹெக்டரில் 10 கன மீட்டர் தண்ணீர். 20 ஹெக்டர் தாமானில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்தால் 12,000 கன மீட்டர். கூரையும் தாரும் சிமெண்டும் நிறைந்த இடத்தில் அதில் 80 விழுக்காடு ஓடிவரும் என்று வைத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 2.7 கன மீட்டர். 1 மீட்டர் அகல லோங்காங்கில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடினால் போவது 0.9 கன மீட்டர்தான். முழுத் தாமானும் அந்த ஒரே லோங்காங்கை நம்பியிருந்தால் அது சின்னதுதான்; வாரினாலும் போதாது.

அடைப்பின் கணக்கும் உண்டு. 600-க்கு 600 மில்லிமீட்டர் லோங்காங்கில் பாதி உயரத்துக்கு மண் படிந்தால் பாதித் தண்ணீர் போகும் என்று நினைக்கிறோம். உரசல் கூடுவதால் உண்மையில் போவது 40 விழுக்காடு அளவுதான். ஆகவே முதலில் வாரச் சொல்லுங்கள். வாரிய பிறகு அதே அளவு மழைக்கும் ஏறினால் 'அளவு போதவில்லை' என்று அழுத்தமாக எழுதலாம். மழை அளவு வேண்டுமென்றால் ஜே.பி.எஸ். நடத்தும் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் பக்கத்து நிலையத்தின் பதிவு இருக்கும். ஆற்று மட்டம் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு நிலைகளில் காட்டப்படும்.

9. கல்வர்ட் மாத்தணும்னு கேட்டோம். 900 குழாய்க்குப் பதிலா ரெண்டு 600 போட்டுட்டு சரியாப் போச்சுன்னாங்க.

சரியாகப் போகவில்லை. குழாயின் கொள்ளளவு விட்டத்தோடு நேராகக் கூடுவதில்லை; அதைவிட வேகமாகக் கூடுகிறது. ஒரே சரிவில் ஒரு 900 மில்லிமீட்டர் குழாய் ஏறக்குறைய மூன்று 600 குழாய் அளவு தண்ணீரைக் கொண்டுபோகும். சின்னக் குழாயில் செம்பனை மட்டையும் மெத்தைப் பஞ்சும் சீக்கிரம் சிக்கும் என்பது தனி. சாலை மட்டம் தாழ்வாக இருந்து பெரிய குழாய் இறங்காத இடத்தில் சதுரப் பெட்டிக் கல்வர்ட் கேளுங்கள். மாற்றும்முன் கீழ்ப்பக்க லோங்காங்கின் மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மண்மேடு இருந்தால் எந்தக் குழாய் போட்டாலும் தண்ணீர் நிற்கும்.

10. மழையே இல்ல, நல்ல வெயிலு. ஆனா பாரிட்ல தண்ணி ஏறி ரோட்டுக்கு வருது. எப்படி?

கடல் ஏற்றம். நம் கரையோர நிலம் பல இடங்களில் பெரிய ஏற்றத்தின் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. மண் கரையும் மதகும் இருப்பதால்தான் இங்கே தோட்டமே உண்டானது. பிந்து ஆயேர் என்று நாம் சொல்லும் மதகில் மேலே கீல் போட்டுத் தொங்கும் கதவு உண்டு. வெளியே மட்டம் உயர்ந்தால் தானே மூடும், உள்ளே உயர்ந்தால் தானே திறக்கும். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம்; ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். மதகு திறந்து தண்ணீர் வெளியேறக் கிடைப்பது அதில் ஒரு பகுதி நேரம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். அந்த வேளையில் பெருமழையும் சேர்ந்தால் தண்ணீர் உள்ளேயே காத்திருக்க வேண்டியதுதான்.

வெயிலில் தண்ணீர் ஏறுகிறது என்றால் கதவு முழுதாக மூடவில்லை. ஒரு தேங்காயோ மரத்துண்டோ இடையில் மாட்டி ஒரு சாண் திறந்து நின்றால் போதும், ஆறு மணி நேரம் கடல் உள்ளே வரும். கீல் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அடிப்பகுதி ரப்பர் போயிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, வெளிப்பக்கம் சேறு மேடிட்டுக் கதவு திறக்காமல் போவதும் உண்டு; அப்போது கடல் இறங்கினாலும் உள்தண்ணீர் இறங்காது. புகாரில் இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள். இறக்க நேரத்தில் ஒரு படம், ஏற்ற நேரத்தில் ஒரு படம், இரண்டிலும் மணி குறித்திருந்தால் பொறியாளருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. தண்ணீரைத் தொட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனைதான், சாக்கடை கலக்காத இடமாக இருந்தால்.

சில மதகுகள் ஜே.பி.எஸ். உடையவை, சில தோட்டத்துடையவை. தானே இயங்காத, கையால் தூக்கும் பலகை மதகாக இருந்தால் இன்னொரு கேள்வி: விடியற்காலை மூன்று மணிக்கு இறக்கம் என்றால் தூக்கப்போவது யார்? பெயரும் தொலைபேசி எண்ணும் மாவட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

மண் கரையையும் விட்டுவிடாதீர்கள். நண்டு, உடும்பு வளை, மாடு நடக்கும் தடம், கரைமேல் லோரி ஓடிப் பதிந்த பள்ளம் ஆகிய இடங்களில்தான் உடைப்பு தொடங்கும். கரையின் உட்பக்க அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனிக்க வேண்டும். கலங்கிய நீர் கசிந்தால் மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது. அன்றே சொல்ல வேண்டும்.

11. அப்போ ஒரு பம்ப் வெச்சுட்டா முடிஞ்சுதே?

வினாடிக்கு 1 கன மீட்டர் இறைக்கும் பம்ப் பெரிய பம்ப். 8-ஆம் கேள்வியில் சொன்ன 12,000 கன மீட்டரை அது இறைக்க 3 மணி 20 நிமிடம் ஆகும், இடையில் புதிய மழை வராமல் இருந்தால். தண்ணீர் தேங்கி நிற்கக் குளமோ அகலமான பாரிட்டோ இல்லாமல் பம்ப் மட்டும் வைத்தால் உதவி குறைவு.

செலவு இயந்திரத்தோடு முடிவதில்லை. டீசல், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், குப்பைத் தடுப்புக் கம்பிவலையை வாரும் ஆள், மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பதிவு, இவை எல்லாம் 4-ஆம் கேள்வியில் சொன்ன பராமரிப்புப் பையிலிருந்து வரவேண்டும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு பம்ப் கேட்காத ஊரில்லை. அந்த ஆண்டு வெள்ளங்களின் இழப்பை நாட்டின் புள்ளிவிவர இலாகா 610 கோடி ரிங்கிட் என்று கணித்தது. பம்ப் கேட்டு எழுதும்போது, சோதனை ஓட்டப் பதிவேட்டை ஊர்க்குழு பார்க்க அனுமதியும் சேர்த்துக் கேளுங்கள்.

12. கவுன்சிலரை நாமளா தேர்ந்தெடுத்தோம்? அவர் ஏன் நமக்குப் பதில் சொல்லணும்?

தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் சட்டம் நியமன முறையை நிலையாக்கியது. மாநில அரசு 8 முதல் 24 உறுப்பினர்வரை நியமிக்கிறது, ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகாது. அவரை நியமித்தது மாநில அரசு என்பதால், அவர் அசையவில்லை என்றால் கடிதத்தின் நகல் போக வேண்டிய இடம் சட்டமன்ற உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழுவும்.

கழகத்தின் முழுக்கூட்டம், தனித் தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது. இது சட்டத்தின் 23-ஆம் பிரிவு. போய் உட்காரலாம், பேச முடியாது. ஆனால் உங்கள் வட்டாரக் கவுன்சிலர் வாய் திறந்தாரா என்று பார்க்கலாம். சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர் என்ற பொறுப்பும் உண்டு. அவர் கையில் வடிகாலுக்குப் பணம் இல்லை என்றாலும் மாவட்ட அலுவலகக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டு.

13. அடுத்த வருஷ பட்ஜெட்ல எங்க லோங்காங் வரணும்னா எப்போ போய்ச் சொல்லணும்?

வருடத்தின் முதல் பாதியில். கழகத்தின் வரவுசெலவு மதிப்பீடு ஆண்டு முடியுமுன் தயாராகி மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகிறது. பிரிவுகள் தங்கள் பட்டியலை ஆண்டின் நடுவிலேயே கொடுத்துவிடும். சில கழகங்கள் பட்ஜெட் கலந்துரையாடல் நடத்தும். நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டில் இடம் பிடிப்பது அபூர்வம், மிஞ்சிய பணம் இருந்தால் தவிர.

கடிதம் ஒரு பக்கம் போதும். தெருப் பெயர், லோங்காங்கின் நீளம் (காலடியால் அளந்தாலும் சரி), அகலம், ஆழம், எத்தனை வீடு பாதிப்பு, எந்தெந்தத் தேதியில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, தண்ணீர் கடைசியில் எங்கே விழுகிறது, முன்பு கொடுத்த புகார் எண்கள். 'பல ஆண்டுகளாக அவதிப்படுகிறோம்' என்ற வரியால் எந்தப் பொறியாளராலும் மதிப்பீடு போட முடியாது. '140 மீட்டர், 32 வீடு' என்றால் முடியும்.

14. ஒய்.பி. ஒதுக்கீட்டுல உடனே செஞ்சிடலாமே?

ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, ஒதுக்கீட்டில் சின்ன வேலை என்றால் செய்யலாம்: உடைந்த மூடி, 30 மீட்டர் லோங்காங், ஒரு கல்வர்ட். இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் ஜி1 என்ற மிகச் சிறிய தரக் குத்தகையாளருக்குப் போகும். அந்தத் தரத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. துண்டு துண்டாகச் செய்தால் ஒவ்வொரு துண்டும் வேறு மட்டத்தில் வந்து, இணைப்பில் தண்ணீர் நிற்கும். கழகமோ ஜே.பி.எஸ்.ஸோ மட்டம் எடுத்துக் கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று ஒய்.பி. அலுவலகத்தில் கேளுங்கள். யார் பராமரிப்பார் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

15. 'ஆர்.டி.பி. வருது, ஆர்.டி.பி. வருது'ன்னு ரொம்ப நாளா சொல்றாங்க. எப்போதான் வரும்?

ஆர்.டி.பி. என்பது ரஞ்சாங்கான் தெபாத்தான் பஞ்சிர், அதாவது ஆற்றை அகலப்படுத்துதல், கரை, குளம், பம்ப் எல்லாம் சேர்ந்த பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம். மாவட்ட ஜே.பி.எஸ். முன்மொழிந்து, மாநிலம், தலைமையகம், அமைச்சு என்று ஏறி ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தில் இடம் பிடிக்க வேண்டும். இப்போது நடப்பது 2026 முதல் 2030 வரையிலான 13-ஆவது திட்டம். பட்டியலில் பெயர் இருப்பதும் அந்த ஆண்டு பணம் இறங்குவதும் வேறு வேறு. 2022 கடைசியில் டெண்டர் இல்லாமல் கொடுக்கப்பட்ட 700 கோடி ரிங்கிட் வெள்ளத் தடுப்புத் திட்டங்களை அரசு நிறுத்தி மறுடெண்டருக்கு விட்டது. 2024 பட்ஜெட்டில் 33 ஆர்.டி.பி. திட்டங்களுக்கு 1,180 கோடி ரிங்கிட் என்று அறிவித்தது.

பெரும்பாலும் இழுப்பது நிலம் எடுப்பு. 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி 8-ஆம் பிரிவு அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பு வராவிட்டால் அறிவிப்பு காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே 'எப்போது வரும்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'மலேசியத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா? 8-ஆம் பிரிவு அறிவிப்பு வந்துவிட்டதா? டெண்டர் போட்டாயிற்றா?' என்று மூன்றாகக் கேளுங்கள்; எந்தப் படியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பட்டாவில்லாமல் ஆற்றோரம் குடியிருப்பவருக்கு நில இழப்பீடு கிடையாது. அவர்களின் மாற்று வீட்டை அறிவிப்புக்கு முன்பே பேசியாக வேண்டும்.

16. கோண்ட்ராக்டர் அரைகுறையா போட்டுட்டுப் போயிட்டாரு. யாரைப் பிடிக்கிறது?

வேலை நடக்கும்போதே திட்டப் பலகையைப் படம் எடுத்து வைத்திருங்கள்: வேலையின் பெயர், உரிமை இலாகா, குத்தகையாளர், தொடங்கும், முடியும் தேதி. வேலை முடிந்த பிறகு குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஒன்று உண்டு, பொதுவாக 12 மாதம். அதற்குள் விரிசல், இறங்கிப்போன துண்டு, பின்பக்கம் மண் அரித்துக் குழிவிழுந்த இடம் எல்லாம் குத்தகையாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பதினோராம் மாதத்தில் ஒருமுறை முழுத்தூரமும் நடந்து, படத்தோடு இலாகாவுக்கு எழுதுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று: மழை நின்று ஒரு நாள் கழித்துத் தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது? அந்த இடங்களில் சரிவு தலைகீழ். கொசு மருந்து அடிக்க வருபவர்களும் அதே இடங்களைத்தான் சுற்றி வருவார்கள்.

17. கணக்கு வழக்கை நாங்க பார்க்க முடியுமா?

சிலாங்கூரில் முடியும். 2011-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி மாநில இலாகாவிடமும் கழகத்திடமும் விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 30 நாளுக்குள் பதில். பினாங்கிலும் 2011-இல் நிறைவேறிய இதே மாதிரிச் சட்டம் உண்டு. இது மாநிலச் சட்டம், கூட்டரசு இலாகாவைக் கட்டாது. 'எல்லாக் கணக்கும் வேண்டும்' என்று கேட்டால் நிராகரிப்பார்கள். குறிப்பிட்ட வேலையின் குத்தகைத் தொகை, துப்புரவு அட்டவணை, குறைபாட்டுக் காலம் முடியும் தேதி என்று கேளுங்கள். பணம் கைமாறியதாகச் சந்தேகம் என்றால் அது எஸ்.பி.ஆர்.எம்., அதாவது ஊழல் தடுப்பு ஆணையத்தின், வேலை, ஊர்க் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேச வேண்டாம்.

18. தாமான் கட்டின டெவலப்பர் கம்பெனியே இப்போ இல்ல. மழைத்தண்ணி தேங்குற குளம் புதர் மண்டிக் கிடக்கு.

2001 ஜனவரி முதல் புதிய மேம்பாடுகள் எம்.எஸ்.எம்.ஏ. என்ற ஜே.பி.எஸ். மழைநீர் மேலாண்மைக் கையேட்டைப் பின்பற்ற வேண்டும். கட்டிய பிறகு வெளியேறும் உச்ச நீரளவு, கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக் கூடாது. அதற்குத்தான் தேக்கக் குளம். குளம் பொது நிலமாக ஒப்படைக்கப்பட்டிருந்தால் கழகமோ ஜே.பி.எஸ்.ஸோ பராமரிக்க வேண்டும். ஒப்படைக்காமலே நிறுவனம் மூடியிருந்தால் நிலத்தின் பெயர் இன்னும் அவர்களிடமே இருக்கும். நில அலுவலகத்தில் அந்த லோட் எண்ணுக்குத் தேடல் போடுங்கள். பிறகு கழகத்திடம் மேம்பாட்டாளரின் வைப்புத்தொகை மீதி உள்ளதா என்று கேளுங்கள். குளத்தை மண் போட்டு மூடிப் பந்தடிக்கும் திடலாக்கும் யோசனை யாராவது சொன்னால் 8-ஆம் கேள்வியின் கணக்கைக் காட்டுங்கள்.

19. ஆத்தோரம் எவ்வளவு இடம் விடணும்? வீட்டு முன்னால லோங்காங்கை மூடி கார் நிறுத்தலாமா?

ஜே.பி.எஸ். வழிகாட்டியில் ஆற்றின் அகலம் 40 மீட்டருக்கு மேல் என்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கம். 20 முதல் 40 என்றால் 40 மீட்டர். 10 முதல் 20 என்றால் 20. 5 முதல் 10 என்றால் 10. 5 மீட்டருக்குக் குறைவு என்றால் 5. அந்த ஒதுக்கம் அரசிதழில் ஏறியிருந்தால் பிடி வலுவானது. நம் கோயில்கள் சில இந்த ஒதுக்கத்துக்குள் நிற்பது எல்லாருக்கும் தெரியும். ஆற்றை அகலப்படுத்தும் திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே நிர்வாகம் மாவட்ட அலுவலகத்தோடு மாற்று இடம் பேசத் தொடங்க வேண்டும்.

லோங்காங்கை எழுத்து அனுமதி இல்லாமல் மூடுவது சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்கீழ் குற்றம். அனுமதி வாங்கினாலும் தூக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போடுங்கள். சிமெண்ட் ஊற்றி மூடிய 6 மீட்டருக்குள் யாரும் வார முடியாது.

20. வெள்ளத்துல சாமான் எல்லாம் போச்சு. கழகத்து மேல கேஸ் போடலாமா?

போடலாம், ஜெயிப்பது கடினம். சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, அனுமதி, சோதனை போன்ற செயல்களுக்கு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. 1993-இல் 48 பேர் இறந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிவில்கூட, மலைச்சரிவின் வடிகால் பெரிய பிரச்சினையாக இருந்தும், 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தைப் பொறுப்பாக்கவில்லை. பக்கத்து நில உரிமையாளரோ மேம்பாட்டாளரோ தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று காட்ட முடிந்தால் அவர்மேல் வழக்குப் போட இடம் அதிகம். அரசு அமைப்புமேல் என்றால் 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். வழக்கறிஞரிடம் போகும்போது புகார் எண்களும் தேதிகளும் கையில் இருக்கட்டும்.

உடனடி உதவி வேறு வழியில். அரசு வாங் இஹ்சான் என்ற உதவித்தொகையை அறிவிக்கும்போது, அண்மை ஆண்டுகளில் குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் கொடுத்திருக்கிறது. தற்காலிக நிவாரண மையத்தில் பெயர் பதிந்தவர்களுக்கு எளிது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் மாவட்ட அலுவலகத்திடமோ ஊர்த் தலைவரிடமோ பெயர் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். வீட்டைக் கழுவுமுன் ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின்மேல் பென்சிலால் தேதி எழுதி, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து வையுங்கள். 13-ஆம் கேள்வியில் சொன்ன கடிதத்துக்கு அந்த அளவு வேண்டும். சுவருக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டால் அந்தக் கோடு மறைந்துவிடும்.